தாரா மேட்டு மன்னர்கள்

அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் பசும்புல் போர்த்த மேடு ஒன்று உண்டு. தாரா என்பது அதன் பெயர். அங்கே கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, இடிந்த அரண்மனையின் ஒரு சுவர்தானும் இல்லை. மண்ணால் எழுப்பிய வட்ட வரப்புகளும் பள்ளங்களும் சிறு குன்றுகளுமே கண்ணுக்குத் தென்படும். இடைக்கால ஐரிஷ் ஏடுகளைத் திறந்தாலோ, அம்மேட்டின்மீது மன்னர்கள் கூட்டங்கூட்டமாக வீற்றிருக்கின்றனர். உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணி, இன்னார்க்குப் பின் இன்னார், இத்தனை ஆண்டு ஆட்சி, இன்னார் கையால் சாவு என்று அவ்வேடுகள் பிசகாமல் ஒப்புவிக்கின்றன.

இம்மன்னர்களை என்செய்வது? இவ்வினாவிற்கு விடை கூறுவோர் இரு சாரார். ஒரு சாரார், ஏட்டில் உள்ளதெல்லாம் வரலாறே என்பர். ஐயம் எழுப்புவோரை இனப்பற்று அற்றவர் என்று ஏசவும் தயங்கார். மறு சாரார், அத்தனையும் மடத்துத் துறவிகள் கட்டிய பொய்ம்மூட்டை என்று புறந்தள்ளுவர். தள்ளுவதே பகுத்தறிவு என்று மார்தட்டவும் செய்வர். பகைவரைப்போல் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் உடன்பிறந்தாரே. இருவரும் ஏட்டைப் படிப்பதில்லை என்பதே அந்தக் குடும்பத்தின் அடையாளம்.

படியாத நம்பிக்கை என்ன கேட்டை விளைவிக்கும் என்பதற்குத் தாரா மேடே சான்று. ஊர்ப்பெயர் ஒன்று கிடைத்தால் அதற்கொரு கதை சொல்லாமல் விடமாட்டார்கள் இடைக்காலப் புலவர்கள். தாராவின் பழம்பெயர் தெமைர். அதனைத் ‘தேயாவின் மதில்’ என்று பிரித்துப் பொருளுரைத்தனர். தேயா என்பாள் ஸ்பெயினிலிருந்து படையெடுத்து வந்த ஏரமோன் என்னும் மன்னனின் மனைவி என்றும் எழுதி வைத்தனர். இது பழைய கதை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு கூட்டத்தார் கிளம்பினர். பிரிட்டானியரே பண்டை இஸ்ரவேலின் காணாமற்போன குலத்தார் என்பது அவர்தம் கொள்கை. அன்னோர் ஐரிஷ் ஏட்டின் தேயாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டனர். அவள் யூதேயா மன்னன் சிதேக்கியாவின் மகள் என்றனர். தீர்க்கதரிசி எரேமியா அவளை அயர்லாந்துக்கு அழைத்துவந்தார் என்றனர். மோசேயின் உடன்படிக்கைப் பெட்டி தாராவின் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது என்று முடிவும் கட்டினர்.

முடிவு கட்டியதோடு நின்றார்களா? 1899 முதல் 1902 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து மேட்டைத் தோண்டினர். டக்ளஸ் ஹைட், டபிள்யூ. பி. யேட்ஸ், ஜார்ஜ் மூர் ஆகிய மூவரும் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் இச்செயலைக் கண்டித்து எழுதினர். பெட்டி கிடைக்கவில்லை. மன்றங்களின் வட்டம் எனப்படும் தொன்மையான மண்ணரண்தான் சிதைந்தது. பின்னர் 1952, 1953-ஆம் ஆண்டுகளில் முறையாக அகழ்ந்த தொல்லியலார், உரோமப் பேரரசின் காலத்து மட்கலத் துண்டுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் அதே இடத்தில் கண்டெடுத்தனர். உரோமரின் ஆட்சிக்கு ஒருநாளும் உட்படாத தீவில் அவர்தம் பொருள்கள் எவ்வாறு வந்தன என்னும் அரிய வினாவுக்கு விடையளிக்கக்கூடிய மண் அது. அந்த மண்ணின் ஒரு பகுதியைத்தான் பெட்டி தேடியோர் மேலும்கீழுமாகப் புரட்டிப்போட்டிருந்தனர்.

அதே மேட்டில் பிணையாளர் குன்று என்றொரு சிறு குன்று உண்டு. அடங்கிய சிற்றரசரிடமிருந்து பெற்ற பிணையாளரைத் தாராவின் மன்னர்கள் அங்கே வைத்திருந்தனராம். 1950-களில் அதனை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட கற்கால ஈமக்குன்று அது என்பது தெரியவந்தது. பிணையாளர் ஒன்பதின்மர் கொண்ட நியால் என்று புகழப்படும் மன்னனை மரபு வைக்கும் காலத்துக்கும் அக்குன்றின் காலத்துக்கும் இடையே 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. குன்று முன்னே இருந்தது. கதை பின்னே வந்து அதன்மேல் ஏறி அமர்ந்தது.

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பதே படிப்பவனின் முதற்கடமை. அயர்லாந்து கிறித்தவம் தழுவிய பின், மடங்களில் இலத்தீன் கற்ற அறிஞர் கைக்கு உலக வரலாற்று நூல்கள் வந்து சேர்ந்தன. யெரோம் என்னும் திருச்சபைத் தந்தை இலத்தீனில் ஆக்கிய காலக்கணக்கில் அசீரியர், எபிரேயர், கிரேக்கர், உரோமர் என்று பல நாட்டு மன்னர்கள் பத்தி பத்தியாக நின்றனர். அயர்லாந்துக்கு அதில் பத்தி இல்லை. தம் நாட்டையும் தம் மொழியையும் நேசித்த அறிஞர்க்கு அவ்வெற்றிடம் எத்துணை உறுத்தியிருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வெற்றிடத்தை நிரப்பத் தொடங்கினர். 11-ஆம் நூற்றாண்டில் ‘அயர்லாந்தைக் கைக்கொண்ட நூல்’ என்னும் பெருந்தொகுப்பு உருவாயிற்று. நோவாவின் பேர்த்தி செஸ்ஸைர் பெருவெள்ளத்துக்கு 40 நாள் முன்னர் வந்திறங்கினாள். பின்னர்ப் பார்த்தொலோன், அவனுக்குப் பின் நெமெத், அப்பால் ஃபிர் போல்க் மக்கள், தனன் குலத்தார், முடிவில் ஸ்பெயின் நாட்டு மீலின் மைந்தர் என்று ஆறு வருகைகளை அந்நூல் விரித்துரைக்கிறது.

ஏன் ஸ்பெயின்? இங்கேதான் சுவை உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் மறைந்த செவில் நகர இசிதோர் என்னும் பேரறிஞர், ஹைபர்னியா என்னும் அயர்லாந்தின் இலத்தீன் பெயர் ஐபீரியாவிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தார். அவருக்கு முன் ஒரோசியுஸ் என்பார், ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் பிரிகாந்தியாவில் நின்ற உயர்ந்த கோபுரத்தைப் பற்றியும் அக்கரை அயர்லாந்தை நோக்கியிருப்பது பற்றியும் குறித்திருந்தார். இவ்விரண்டும் போதுமே! பிரியோகன் என்பவன் அக்கோபுரத்தைக் கட்டினான். அவன் குடியில் வந்த ஈத் என்பவன் ஒரு மாலைப்பொழுதில் அதன் உச்சியிலிருந்து கடலுக்கு அப்பால் அயர்லாந்தைக் கண்டான் என்று கதை விரிந்தது. அக்கடல் எத்துணை அகலம் என்பதை நிலப்படத்தில் பார்ப்போர்க்குச் சிரிப்பு வரும். ஐரிஷ் இனத்தின் மூதாதை என்று போற்றப்படும் மீல் எஸ்பாயின் யார்? ‘ஸ்பெயின் நாட்டுப் படைவீரன்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரே ஐரிஷ் ஒலிக்கு மாறி, தந்தையாகவும் பாட்டனாகவும் பிள்ளை பெற்றுவிட்டது. ஒரு சொற்றொடருக்குப் பிறந்த பிள்ளைகளின் வழியில் பல நூறு மன்னர் வந்தனர். பிற்காலத்தில் ஸ்பெயினின் கலீசியா மக்களும் இக்கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டனர். அவர்தம் நாட்டுப்பண்ணில் இன்றும் பிரியோகன் பெயர் ஒலிக்கிறது.

வெள்ளத்துக்கும் மீலின் மைந்தர்க்கும் இடையே உள்ள காலத்தை நிரப்ப எங்கே போவது? பழைய தெய்வங்களையே மன்னராக்கினர். உரோமர் ஆண்ட பிரிட்டனில் நோதன்ஸ் என்னும் பெயரில் கோயில் கொண்டிருந்த தெய்வத்தோடு தொடர்புடையவனே தனன் குலத்து மன்னன் நுவாதா. லூக் என்பவனும் கெல்டிக் மக்கள் பலர் வணங்கிய தெய்வமே. துறவியர் அத்தெய்வங்களை அழிக்கவில்லை. அரியணையில் அமர்த்தி, லூக்குக்கு 40 ஆண்டு, தக்தாவுக்கு 80 ஆண்டு என்று ஆட்சிக்காலம் வரையறுத்து, முடிவில் சாகவும் வைத்தனர். தெய்வம் செத்தால் வழிபடுவார் இல்லை அன்றோ? ஃபிர் போல்க் மன்னர் ஒன்பதின்மர்க்கும் சேர்த்துக் கிடைத்தது வெறும் 37 ஆண்டு. பட்டியல் எழுதியவர் கையிருப்பைப் பார்த்துப் பங்கிட்டது போலும்!

1632 முதல் 1636 வரை மீஹால் ஓ கிளேரியும் அவர்தம் துணைவரும் தொகுத்த நால்வர் ஆண்டுக்குறிப்பு உலகம் தோன்றிய 2242-ஆம் ஆண்டில், வெள்ளத்தோடு தொடங்குகிறது; மீலின் மைந்தர் வருகையை 3500-ஆம் ஆண்டில் வைக்கிறது. அத்தொகுப்பாளர்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆங்கிலேயர் ஆட்சியில் மடங்கள் அழிந்து, ஏடுகள் சிதறி, புரவலர் நாடு கடந்த வேளையில், கிடைத்ததையெல்லாம் படியெடுத்துக் காத்தவர்கள் அவர்கள். பொய்யையும் சேர்த்தே காத்தார்கள் என்பது மெய். அவர்கள் காவாதிருந்தால் எது பொய் என்று சொல்லும் வாய்ப்பும் இன்றில்லை.

மன்னர் பட்டியலை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவோர் அதனால் நடந்த வழக்குகளை அறியாதவர். பிரயன் போரு என்பான் கற்பனை மன்னன் அல்லன். 1002-இல் அயர்லாந்தின் முதன்மை பெற்று, 1014-இல் குளோன்டார்ஃப் போரில் மாண்டவன். அவனுடைய டால் காஷ் குடி, தேசி என்னும் எளிய மக்கட்பிரிவின் கிளை. மன்ஸ்டர் நாட்டை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்ட ஓகனாக்டா குடியினர்க்கு முன் அக்குடிக்குப் பெருமை ஏது? வாளால் வென்றதைக் குலவரலாறு எழுதுவோர் மையால் உறுதிப்படுத்தினர். ஓகனாக்டாவின் மூதாதை ஓகனுக்குக் கோர்மாக் காஸ் என்று ஒரு உடன்பிறந்தானைப் படைத்து, அவன் வழியில் டால் காஷ் குடியைச் சேர்த்துவிட்டனர். இல்லாத ஒருவன் பிறந்தான். ஒரு அரச குடி சட்டப்படி அரச குடியாயிற்று.

1317-இல் நடந்தது இதனினும் பெரிது. ஆங்கிலேயரின் கொடுமைகளை எடுத்துரைத்து அல்ஸ்டர் மன்னன் டோனல் ஓ நீல் போப்பரசர் 22-ஆம் யோவானுக்கு முறையீட்டுமடல் விடுத்தான். கிறித்தவத்துக்கு முன் 136 மன்னர், பின்னர் 61 மன்னர், அயலாரின் கலப்பின்றித் தம் நாட்டை ஆண்டனர் என்று அம்மடல் எண்ணிக் காட்டிற்று. அடக்கப்பட்ட மக்களின் கையில் பழங்கதை ஓர் ஆயுதமாயிற்று என்று இதனைப் பாராட்டுவோர் உளர். பாராட்டட்டும். ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்டுதல் வேண்டும். பண்டைப் பிரிட்டன் மன்னன் ஒருவன், கடலில் அலைந்த மக்கட்கூட்டத்துக்கு அயர்லாந்தைக் குடியிருக்கக் கொடுத்தான் என்னும் வேறொரு கட்டுக்கதை இங்கிலாந்திலும் இருந்தது. வேல்ஸ் நாட்டு ஜெரால்டு 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை எடுத்து, ஆங்கில மன்னர்க்கு அயர்லாந்து உரியது என்பதற்குச் சான்றாக வைத்தார். 1569-இல் டப்ளின் நாடாளுமன்றம் ஷேன் ஓ நீலின் நிலங்களைப் பறித்து எலிசபெத் அரசிக்கு உரிமையாக்கிய சட்டத்தில், இந்தக் கதை பட்டா ஆவணம் போல எழுதிச் சேர்க்கப்பட்டது! ஷேன் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே கொலையுண்டு கிடந்தான்.

ஓ நீலின் பக்கம் 197 மன்னர். அரசியின் பக்கம் ஒரே மன்னன். எண்ணிக்கை வென்றதா? படை வென்றது. மெய்யான கொடுமைகளைச் சொல்லிய மடலில் பொய்யான மன்னரை முன்னிறுத்தியதால், எதிரி தன் பொய்யைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு வழி திறந்தது. நிலம் பறிக்கப்பட்டது, மக்கள் வெட்டுண்டனர் என்பன எவராலும் மறுக்கவொண்ணாத உண்மைகள். அவ்வுண்மைகட்கு நோவாவின் பேர்த்தி எதற்குத் துணை?

இனி, எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளும் அறிவாளரிடம் வருவோம். அன்னோர் பிரெஸ் என்னும் மன்னன் கதையைப் படித்ததுண்டா? நுவாதா போரில் கையிழந்தான். ஊனமுற்றவன் அரசனாக இருத்தல் தகாது என்பது முறை, ஆதலின் அரசிழந்தான். அவனுக்குப் பின் அழகே உருவான பிரெஸ் முடி சூடினான். அழகு இருந்தது, ஈகை இல்லை. அவன் வீட்டுக்குச் சென்று திரும்பியவரின் கத்தியில் கொழுப்புப் படிவதில்லை. மூச்சில் மது மணப்பதில்லை. வீரர்களை விறகு சுமக்கவும் பள்ளம் தோண்டவும் ஏவினான். கார்ப்ரே என்னும் புலவன் அவன் வாயிலில் வந்து நின்றான். இருண்ட சிறு குடிசை. தீ இல்லை, படுக்கை இல்லை. சிறு தட்டில் மூன்று காய்ந்த அப்பங்கள். விடிந்ததும் புலவன் வசை பாடினான். அயர்லாந்தில் பாடப்பெற்ற முதல் வசை அதுவே என்பது மரபு. அந்நாள் முதல் பிரெஸ் தேய்ந்தான். மக்கள் அரசைத் திருப்பித் தருமாறு கேட்டனர். அவன் தன் தந்தையின் நாட்டுக்கு ஓடிப் படை வேண்டினான். என்ன நேர்ந்தது என்று வினவிய தந்தையிடம், தன் அநீதியும் செருக்குமே காரணம் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். போரில் தோற்றுப் பிடிபட்ட பின், எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்று சொல்லிக்கொடுத்து உயிர் தப்புகிறான். முடி இழந்தவன் முதன்முறையாக உழவனுக்குப் பயன்பட்ட இடம் அது!

பிரெஸ் என்று ஒருவன் இருந்தானா? இல்லை. ஆயின், குடிகள் தம் மன்னனிடம் எதை எதிர்பார்த்தனர், எப்போது போ என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று எண்ணினர் என்பதை இக்கதையைவிடத் தெளிவாகச் சொல்லும் பட்டயம் ஏது?

கோர்மாக் மாக் ஆர்ட் கதை இதனினும் நுட்பமானது. லூகத் மாக் கோன் தாராவில் ஆண்டபோது, அரசிக்குரிய சாயச்செடிப் பாத்தியில் ஒருவரின் ஆடுகள் புகுந்து மேய்ந்துவிட்டன. ஆடுகளையே அரசிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று லூகத் தீர்ப்புரைத்தான். அங்கே வளர்ந்துகொண்டிருந்த சிறுவன் கோர்மாக் எழுந்து, அது முறையன்று என்றான். மேயப்பட்டது செடியின் தழை மட்டுமே, வேர் அழியவில்லை, தழை மீண்டும் தளிர்க்கும். ஆதலின் ஆட்டின் மயிரைக் கத்தரித்துக் கொடுத்தால் போதும். அதுவும் மீண்டும் வளரும். தவறான தீர்ப்பு ஒலித்த அந்த மாளிகையின் ஒரு பக்கம் சரிந்து வீழ்ந்ததாம். அதன்பின் லூகத்தின் ஆட்சியில் புல் முளைக்கவில்லை. மரத்தில் இலை துளிர்க்கவில்லை. கதிரில் மணி பிடிக்கவில்லை. மக்கள் அவனை நீக்கினர். மன்னனின் மெய்மையே நாட்டின் விளைச்சல் என்னும் இக்கொள்கை, 700-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட மோரன் அறவுரையிலும் விரிவாகப் பேசப்படுகிறது. இழப்புக்கு ஏற்ற ஈடே ஒறுப்பாக வேண்டும், அதற்கு மிஞ்சினால் அது கொள்ளை என்பதைச் சட்டக் கல்லூரி மாணவனுக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பிற்காலத்தில் அதே கோர்மாக் ஒரு பூசலில் கண்ணிழக்கிறான். புகழின் உச்சியில் இருந்தும் தாராவை விட்டு வெளியேறுகிறான். விதி அவனுக்கும் விலக்கு அளிக்கவில்லை.

இது வெறுங்கதை என்பாரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் எழுந்த தேனீ வழக்குகள் பற்றிய ஐரிஷ் சட்டநூல் அவர்க்கு விடை சொல்லும். 637-இல் மாக் ரோத் போரில் மாண்ட அல்ஸ்டர் மன்னன் கொங்கல், தேனீ கொட்டிக் கண்ணிழந்து அதனால் தாராவின் அரசை இழந்தான் என்று அந்நூல் முன்தீர்ப்பாக எடுத்துக்காட்டுகிறது. கற்பனை மன்னன் நுவாதாவுக்கு நேர்ந்ததே, வாழ்ந்து மறைந்த கொங்கலுக்கும் நேர்ந்தது. ஊனமுற்றோரை விலக்கும் அவ்விதி கொடியது என்பதில் ஐயமில்லை. கதையைச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அக்கொடுமையும் புலப்படும். 700-ஆம் ஆண்டை ஒட்டிய மற்றொரு சட்டநூல், ஞாயிறன்று குடிகளோடு மது அருந்தவும், திங்களன்று வழக்குத் தீர்க்கவும், வெள்ளியன்று குதிரைப் பந்தயம் காணவும் என்று மன்னனுக்கு வாரம் முழுவதும் அட்டவணை போடுகிறது. எந்நாளும் அவன் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கொனரே மோர் கதை. அவன் ஆட்சி பொற்காலம்; நாட்டில் அமைதி. கொள்ளை நிகழவிடலாகாது என்பது அவனுக்கு விதித்த தடைகளுள் ஒன்று. அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த மூவர், ஆண்டுதோறும் ஒரே உழவனிடமிருந்து ஒரு பன்றி, ஓர் எருது, ஒரு பசு என்று திருடினர். மன்னன் என்ன செய்வான் என்று பார்ப்பதற்காகவே திருடினர். உழவன் ஆண்டுதோறும் மன்னனிடம் வந்து முறையிட்டான். ‘அவர்களிடமே போய்க் கேள்’ என்பதே ஆண்டுதோறும் கிடைத்த விடை. கேட்டால் அவர்கள் கொன்றுவிடுவார்கள். பன்றித் திருட்டு வளர்ந்து பெருங்கொள்ளையாயிற்று. கூட்டம் பிடிபட்டபோது, ஏனையோரை அவரவர் தந்தையரே கொல்க, என்னோடு வளர்ந்தவரை மட்டும் விடுக என்று மன்னன் தீர்ப்புரைத்தான். மறுகணமே அது தவறென உணர்ந்து, அனைவரையும் உயிரோடு விட்டுக் கடலுக்கு அப்பால் துரத்தினான். துரத்தப்பட்டவர் அயல்நாட்டுக் கொள்ளையன் இங்கேலோடு கூடித் திரும்பினர். மன்னன் தங்கியிருந்த தா தெர்காவின் விடுதிக்குத் தீயிட்டனர். அணைத்து அணைத்து நீரெல்லாம் தீர்ந்து, மன்னன் தாகத்தால் வாடி மாண்டான். ஒரு பன்றியில் தொடங்கிய சலுகை, ஓர் அரசில் முடிந்தது. தன்னைச் சார்ந்தோர் செய்யும் சிறு குற்றத்துக்குக் கண்மூடும் எந்தத் தலைவனும் இக்கதையைப் படிக்க விரும்பமாட்டான். படிக்கவேண்டாம், பொய்க்கதை என்று தள்ளும் அறிவாளர், தம்மை அறியாமலே அத்தலைவனுக்குத் துணை போகின்றனர்.

மொழிப்பற்று உடையவன் பழம்பெருமையை ஆராயலாகாது என்று வாதிடுவோர்க்கு இயோன் மக்நீல் வாழ்க்கையே மறுப்பு. 1893-இல் ஹைட்டோடு சேர்ந்து ஐரிஷ் மொழி காக்கக் கேலிக் கழகம் கண்டவர் அவர். 1913-இல் ஐரிஷ் தொண்டர் படையைத் தோற்றுவித்தார். 1916 எழுச்சியை அவர் தடுக்க முயன்றவர். ஆயினும் அதன்பின் ஆங்கில அரசு அவருக்கு வாழ்நாள் சிறை விதித்தது. விடுதலை பெற்ற நாட்டில் 1922 முதல் 1925 வரை கல்வி அமைச்சராக விளங்கினார். இனப்பற்றில் அவருக்கு யார் சான்றிதழ் வழங்குவது? அந்த மக்நீலே 1921-இல் வெளியிட்ட நூலில், மன்னர் பட்டியல் இடைக்கால அறிஞர் ஒட்டவைத்த செயற்கை வரலாறு என்று துணிந்து எழுதினார். அவருக்குப் பின் டி. ஏ. பிஞ்சி, பழைய சட்டநூல்களில் அயர்லாந்து முழுமைக்கும் ஒரே பேரரசன் என்னும் பதவிக்கே இடமில்லை என்று காட்டினார். குறுநில மன்னன், அவனுக்கு மேல் ஒருவன், அவனுக்கும் மேல் மாநிலத்து மன்னன் என்பதோடு அச்சட்டம் நின்றுவிடுகிறது. இவற்றால் ஐரிஷ் மொழி அழிந்துவிட்டதா?

அண்மைக் காலத்தில் ஏட்டுப்பொய் ஆய்வுக்கூட உடை அணிந்து வருகிறது. 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர், வடமேற்கு அயர்லாந்து ஆடவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஒரே தந்தைவழி மரபணு முத்திரையைத் தாங்குவதாகக் கண்டனர். நியால் வழியினர் எனப்பட்ட குடிகளோடு அது தொடர்புடையதாகலாம் என்றும் கருதினர். உடனே செய்தித்தாள்கள் நியாலுக்கு இலட்சக்கணக்கில் பேரப்பிள்ளைகளை வழங்கின. பலருக்குப் பொதுவான ஒரு மூதாதை இருந்தான் என்பதை மரபணு காட்டலாம். அவன் பெயர் நியால் என்று அது எழுதிக் கையெழுத்திடுவதில்லை. நியாலின் எலும்பு எவருக்கும் கிடைத்ததுமில்லை.

2020-இல் வேறொரு செய்தி வந்தது. நியூகிரேஞ்சு கற்கால ஈமக்குன்றில் கிடைத்த ஓர் ஆடவனின் பெற்றோர், உடன்பிறந்தாரோ பெற்றவரும் பிள்ளையுமோ ஆகிய மிக நெருங்கிய இரத்த உறவினர் என்று மரபணு காட்டியது. அருகிலுள்ள டௌத் குன்றைப் பற்றி, பிரெஸல் என்னும் மன்னன் தன் தங்கையோடு கூடியதால் பகலில் இருள் கவிந்தது என்று இடைக்காலக் கதை ஒன்று உண்டு. 4,000 ஆண்டு நினைவு அழியாமல் நிலைத்தது பாரீர் என்று ஆர்ப்பரித்தனர் பலர். அந்த ஆடவன் மன்னன் என்பதற்கே சான்று போதாது என்று 2025-இல் வேறு ஆய்வாளர் மறுத்தெழுதினர். ஒரு எலும்பும் ஒரு கதையும் ஒத்துப்போவது வியப்புக்குரியதுதான், வியப்பு சான்றாகிவிடாது. பட்டியலில் ஒத்துப்போகாத நூற்றுக்கணக்கான மன்னரை மறந்துவிட்டு, ஒத்த ஒருவனை மட்டும் தோளில் தூக்குவது ஆய்வு அன்று, சூதாட்டம்.

தமிழாசிரியர்க்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்பார் உளர். பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சங்க வீரயுகப் பாடல்களை ஆய்ந்தபோது, அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன். அவர் கிரேக்கப் பேராசிரியர். ஆயினும் 1930-களின் தொடக்கத்தில் கால்வே நகரில் கிரேக்க இலக்கியத்தை ஐரிஷ் மொழியிலேயே கற்பித்தவர். மேற்குக்கரைத் தீவு மீனவரோடு வாழ்ந்து அவர்தம் மொழியைக் கற்றவர். 1968-இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த கைலாசபதியின் ஆங்கில நூல், தமிழ்ப் பாணரையும் புலவரையும் கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் மரபுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. காய்ந்த அப்பம் பெற்ற கார்ப்ரே வசை பாடினான். இளவெளிமான் தந்த சிறு பரிசிலை மறுத்த பெருஞ்சித்திரனார், குமணன் தந்த யானையைக் கொண்டுவந்து அவ்வெளிமானின் காவல்மரத்தில் கட்டினார். கொடுக்க வேண்டிய கடமை மன்னனுக்கு, இடித்துரைக்கும் உரிமை புலவனுக்கு என்னும் சமுதாய அமைப்பு ஈரிடத்தும் இருந்தது என்பதே ஒப்பீட்டின் பயன். ஈரிடத்தும் இருந்ததால் ஐரிஷ் மக்கள் தமிழரே என்று நூலெழுதப் புறப்படுவோர் எவரேனும் இருப்பின், அவர் தாராவில் பெட்டி தேடியோரின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு புறப்படலாம்.

வகுப்பறையில் கோர்மாக் கதையைச் சொல்லிவிட்டு, அவன் எந்த ஆண்டில் ஆண்டான் என்று தேர்வில் கேட்பது வீண். ஆடுகளைப் பறித்த லூகத் எந்த இடத்தில் தவறினான், செடியின் வேர் உண்ணப்பட்டிருந்தால் தீர்ப்பு மாறுமா, இக்கதையை முதலில் எழுதியவர் எந்தக் குடியின் சோற்றை உண்டார் என்று கேட்கட்டும். பன்னிரண்டு வயது மாணவனும் விடை சொல்வான். சொல்லும்போது ஆசிரியரையும் ஓரிரு கேள்வி கேட்பான்.